பக்கத்தில் வைத்த திரை

பிப்ரவரி 24, திங்கள்

சின்னவனுக்கு,

பன்னிரண்டு நாளில் இருபத்திரண்டு முறை ஃபோன் செய்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. அன்றைக்கு நான் பேசியது தப்புதான் என்று மெசேஜும் அனுப்பினேன், அதற்கும் பதில் இல்லை. கடிதத்தை கட் பண்ண முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதற்குள் ஒரு வரியாவது கண்ணில் படாதா என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மார்ச் இருபதாம் தேதி எனக்கு விசாரணை. நடந்ததை அதற்குமுன் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. எழுந்து போய் அலமாரியைத் துடைக்கிறேன், வந்து உட்காருகிறேன், மறுபடி எழுந்துவிடுகிறேன். வீட்டில் இனித் துடைக்க எதுவும் மிச்சமில்லை. உனக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டால் வருமோ என்று பார்க்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் திரும்ப எழுதுவேன், பொறுத்துக்கொள்.

எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஆறு மேஜை. ஒவ்வொன்றிலும் இரண்டு திரை இருக்க வேண்டும். இடது பக்கம் படிவம், வலது பக்கம் ஊர் வரைபடம். அழைப்பவர் சொல்லும் முகவரியைப் படிவத்தில் தட்டினால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும். அதைப் பார்த்து வயர்லெஸ்ஸில் டிரைவருக்கு வழி சொல்ல வேண்டும். டிசம்பரில் என் வலது திரை செத்துப்போனது. மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் மூன்று முறையும் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே அட்ஜஸ்ட் என்பது உனக்குத் தெரியும். ஒரே திரையில் படிவத்தை மறைத்து வரைபடத்தைத் திறப்பதும், வரைபடத்தை மறைத்துப் படிவத்தைத் திறப்பதுமாக ஒரு மாதம் ஓட்டினேன்.

லீவில் வந்திருந்த நீ என் புலம்பலைக் கேட்டுவிட்டு, கல்லூரி நாட்களில் வைத்திருந்த உன் பழைய லேப்டாப்பை எடுத்து வந்தாய். மூடி நிற்காது, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, விசைப்பலகையில் நான்கு எழுத்து கிடையாது. "எழுத்து எதுக்கு, நமக்குத் திரை மட்டும் போதும்" என்றாய். ஆபீஸ் கணினியின் முதுகில் ஒரு வைஃபை குச்சியைச் செருகினாய். அரை மணி நேரத்தில் வரைபடம் நழுவிப் பக்கத்துத் திரையில் போய் உட்கார்ந்துகொண்டது. அட்ஜஸ்ட் வந்து பார்த்தார், மூக்கைத் தேய்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

பிப்ரவரி 12, மதியம் மூன்று மணி ஐந்து நிமிடம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மூன்றாம் குறுக்குத் தெருவிலிருந்து ஒரு அழைப்பு. பையன் படியில் விழுந்துவிட்டான். புள்ளி விழுந்தது. உடனே அவர்களே கூப்பிட்டு, காரில் கூட்டிப்போகிறோம், வண்டி வேண்டாம் என்றார்கள். மூன்று மணி ஒன்பது நிமிடத்துக்கு அடுத்த அழைப்பு. ஒரு பெண். கணவருக்கு வாய் கோணிவிட்டது, கை தூக்க வரவில்லை. "மூணாவது குறுக்குத் தெரு, பதினெட்டு." தட்டினேன். பக்கத்தில் பார்த்தேன். மூன்றாம் குறுக்குத் தெருவில் புள்ளி இருந்தது. டிரைவருக்குச் சொல்லிவிட்டேன்.

இந்த ஊரில் மூன்றாம் குறுக்குத் தெரு இரண்டு இருக்கிறது. அந்த அம்மா இருந்தது தானியக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் தெருவில். நான் பார்த்தது பழைய புள்ளி. லேப்டாப்பில் படம் அப்படியே உறைந்து நின்றிருக்கிறது. நின்றுபோனது மாதிரி அது தெரியாது, தம்பி. வரைபடம் எப்போதும் அசையாமல்தானே இருக்கும்.

பதினோரு நிமிடம் போய்விட்டது. அந்த அம்மாவின் கணவர் பிழைத்துக்கொண்டார். பேச்சு போய்விட்டது.

அன்று மாலை உன்னிடம், "நீ வெச்ச பெட்டியாலதான்டா எல்லாம்" என்றேன். நீ ஃபோனை வைத்துவிட்டாய்.

இப்போது விஷயம் இதுதான். மறுநாள் விசாரணைக்காரர்கள் வருவதற்கு முன் அட்ஜஸ்ட் லேப்டாப்பைக் கழற்றி, துணிப்பையில் சுற்றி என் கையில் கொடுத்தார். காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று எழுதுங்கள், எச்சரிக்கையோடு போய்விடும், வெளி மெஷினை மாட்டியிருந்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்றார். இரண்டில் எதை எழுதுவது?

பெட்டி அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரிசி எடுக்கக்கூட நான் அந்தப் பக்கம் போவதில்லை.

அக்கா


மார்ச் 1

அக்கா,

கிழிக்கவில்லை. படித்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தப்பு லேப்டாப் மேல் இல்லை. பழைய மெஷினைத் திரையாக மாட்டுவதை உலகம் பூராவும் செய்கிறார்கள். வைஃபை இழுத்தால் படம் நிற்கும், அது எந்தத் திரைக்கும் நடக்கும். திரையின் கீழ் மூலையில் கடிகாரம் ஓடுகிறது, அதில் விநாடி நகரவில்லை என்றால் படம் நின்றுவிட்டது என்று அர்த்தம். இதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நீ பார்க்கவில்லை. குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது, என் நிலைமை. விமான நிலையத்தில் கணினிப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஏப்ரலில் ப்ரொபேஷன் முடிகிறது. சேரும்போதே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள்: அனுமதி இல்லாமல் எந்த நிறுவனத்தின் கணினியிலும் கை வைத்ததில்லை, வைக்கமாட்டேன். அவசர உதவி அறையில் வெளி மெஷினை மாட்டியவன் நான் என்று ஒரு தாளில் வந்தால் மறுநாள் நான் கேட்டுக்கு வெளியே நிற்பேன். வீட்டு வாடகைக்கு முன்பணம் கொடுத்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

அதனால் அட்ஜஸ்ட் சொல்கிறபடி எழுது. காதில் தப்பாக விழுந்தது. ஒரே பெயரில் இரண்டு தெரு இருப்பது ஊருக்கே தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பெட்டியை அப்படியே வைத்திருக்காதே. இணைப்பு எப்போது வந்தது, எப்போது அறுந்தது என்று அது தானாகவே ஒரு டைரி எழுதும். தனித்தாளில் படிப்படியாக எழுதியிருக்கிறேன், அதன்படி அழுத்திக்கொண்டே போனால் எல்லாம் அழிந்துவிடும். கடைசியில் "உறுதியா" என்று கேட்கும். ஆம் என்பதை அழுத்து.

சாப்பிடுகிறாயா? சாப்பிடு.

தம்பி


மார்ச் 5

சின்னவனுக்கு,

தனித்தாள் கிடைத்தது. அழகாகத்தான் எழுதியிருக்கிறாய், அம்பு எல்லாம் போட்டு. உன் படிப்புக்குச் செலவு செய்தது வீண் போகவில்லை.

கடிகாரத்தைப் பற்றி நீ என்னிடம் சொல்லவே இல்லை.

யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வாசலில் டாக்சி நின்றது. நீ ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாக என் மேஜைக்குக் கீழே குனிந்து ஒயரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாய். எழுந்தபோது தலை மேஜையில் இடித்தது. "எல்லாம் ஓகேக்கா, கலக்கு" என்றாய். போய்விட்டாய். எட்டு வருடமாக யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று எழுதி வைப்பதுதான் எனக்கு வேலை. கடிகாரம் என்ற வார்த்தை வந்திருந்தால் நினைவிருக்கும்.

போகட்டும். வேறொன்று செய்துவிட்டேன். திட்டுவாய்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் காதுக்குள் மணி அடிக்கிறது, ஹெட்செட் இல்லாமலே. நரம்பியல் வார்டுக்கு வெளியே நீளமான பெஞ்சு. அதில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது இருக்கும். மடியில் கண்ணாடிக் கூடும் சாவிக்கொத்தும். உள்ளே இருப்பவர் யார் என்று நர்ஸிடம் அவர் பேசியதை வைத்தே தெரிந்துகொண்டேன். போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வாய் திறக்காமல்தான் இருந்தேன். அவராகவே பேசினார். கோர்ட்டுக்கு எதிரில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார்களாம். மெஷினில் நிற்பது இந்த அம்மா, ஆட்களிடம் பேசுவது கணவர். "நான் பேசவே மாட்டேன், எல்லாம் அவர்தான் பேசுவார். இப்ப நாங்க ரெண்டு பேரும் பேசாம உட்கார்ந்திருக்கோம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "சரியாகிடும்மா."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, காது கொடுப்பதுபோல் இருந்தார். பிறகு சொன்னார்: "உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேன்."

பதினோரு நிமிடம் கேட்டிருக்கிறார். "வண்டி வந்துக்கிட்டே இருக்கும்மா, லைன்ல இருங்க, வந்துக்கிட்டே இருக்கு" என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறார். வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இங்க ஒண்ணும் வரலையே" என்றார். நான் மறுபடியும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை, தம்பி. எனக்கு அப்போது தெரியாது. என் திரையில் புள்ளி இருந்த தெருவுக்குத்தான் வண்டி போய்க்கொண்டிருந்தது.

மாத்திரை வாங்க வேண்டும் என்று எதையோ உளறிவிட்டு எழுந்து வந்தேன். மாடிப்படியில் செருப்பு ஒன்று கழன்றது, எடுத்து மாட்டக்கூட நிற்கவில்லை, கையிலேயே தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

பெட்டியைத் திறந்தேன். உன் தாளில் உள்ளபடி கடைசிப் படி வரைக்கும் போனேன். "உறுதியா" என்று கேட்டது. மூடிவிட்டேன்.

அக்கா


மார்ச் 10

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு ஆபீஸில் கழித்துக்கட்டின ஒரு மெஷினை வாங்கி வந்து என் அறையில் அதே மாதிரி மாட்டினேன். அதே குச்சி, அதே அமைப்பு. நடுவில் ஒரு இரும்பு நாற்காலியை வைத்தேன், உங்கள் மேஜைக்குக் கீழே இரும்புத் தகடு இருக்கிறதே, அது மாதிரி இருக்கட்டும் என்று. மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து வந்ததும் பேன்ட்கூட மாற்றாமல் அதன் முன்னால்தான். ஒரு நாளைக்கு நான்கு ஐந்து தடவை நிற்கிறது. படம் அப்படியே இருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. சுட்டியை அந்தப் பக்கம் கொண்டுபோனால் திடுக்கென்று முழித்துக்கொள்ளும்.

இணைக்கும்போது எந்த வேலைக்கு என்று கேட்கும். தட்டச்சுக்கா, விளையாட்டுக்கா, சினிமாவுக்கா. படம் தெளிவாக இருக்கட்டும் என்று நான் சினிமாவுக்கு என்று கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் அது படத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு மெதுவாகக் காட்டும். சினிமா பார்க்க அது சரி. உனக்குச் சரியில்லை. எனக்கு அது தெரியும், அக்கா. தெரிந்தும் யோசிக்கவில்லை.

இன்னொன்று. இதற்காகத்தான் மூன்று தாளைக் கிழித்தேன்.

அன்றைக்கு உன் மேஜையில் மாட்டி முடித்ததும் நீ முகவரி தட்டிக் காட்டினாய். மூன்று முகவரிக்குப் புள்ளி உடனே போனது. நான்காவதுக்குப் போகவில்லை. பத்து விநாடி நின்றது, அப்புறம் போனது. நீ அப்போது பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டு, "என் தம்பி வேலையைப் பாரு" என்று காட்டிக்கொண்டிருந்தாய். நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கடிகார யோசனை ரயிலில்தான் வந்தது. மெசேஜ் அடித்தேன், சிக்னல் இல்லை. ஊர் வந்ததும் மறந்துவிட்டேன். சொன்னேன் என்று உனக்கு எழுதியபோது, சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் என்று அதைச் சொல்ல முடியுமா தெரியவில்லை. நீ வேண்டுமானால் சொல்.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் எழுதுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. என் பேரைச் சொல்லாதே.

தம்பி


மார்ச் 14

சின்னவனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன். சமையலறையில் சத்தமாகவே போட்டேன் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, யாரிடம் பேசுகிறாய் என்றார்.

பத்து விநாடி. சொல்லியிருக்கலாமேடா.

மூன்றாவது நாள் சண்டை என் பக்கம் திரும்பிவிட்டது. நானும் பார்த்திருக்கிறேன். ஜனவரி கடைசியில் ஒரு தடவை, அதற்கடுத்த வாரம் ஒரு தடவை. புள்ளி நகரவில்லை. சுட்டியை ஆட்டினேன், நகர்ந்தது. அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? அந்த மாதம்தான் சுவரில் ஒட்டும் பட்டியலில் என் பெயர் முதலில் வந்தது. சராசரி நேரம் எல்லோரையும்விடக் குறைவு. சொன்னால் பெட்டியைக் கழற்றச் சொல்வார்கள். உனக்குச் சந்தோஷம் கெடக்கூடாது, எனக்குப் பட்டியல் கெடக்கூடாது. நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

நேற்று மாலை அட்ஜஸ்ட் வீட்டுக்கு வந்தார். தட்டச்சு செய்த தாளை மேஜையில் வைத்தார். "அழைத்தவரின் பதற்றமான பேச்சினால் முகவரி தெளிவாகக் கேட்கவில்லை" என்று இருந்தது. படித்தேன். அந்த அம்மா பதறவே இல்லை. எட்டு வருடத்தில் அவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு முகவரி சொன்னதில்லை. "பதினெட்டு, பச்சைக் கதவு, கிடங்குக்குப் பின்னால" என்று சொன்னார். படிவத்தில் நானே தட்டியிருக்கிறேன், கிடங்குக்குப் பின்னால் என்று. என் கை தட்டியதை என் கண் பார்க்கவில்லை.

அட்ஜஸ்டிடம் கேட்டேன், இதில் கையெழுத்துப் போட்டால் மேஜைக்கு இரண்டாவது திரை வருமா என்று. அவர் ஜன்னலைப் பார்த்தார். "எனக்கும் ரெண்டு பொண்ணும்மா. என் நிலைமையையும் கொஞ்சம் யோசிங்க" என்றார். கெட்டவர் இல்லை. அவர் மேலே எழுதியதற்கும் அங்கே யாரோ அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளத்தான் சொல்லியிருப்பார்கள். காபி கொடுத்தேன். குடிக்காமல் எழுந்து போனார். வீட்டுக்காரருக்குக் கோபம். கையெழுத்துப் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும் என்கிறார். நேற்றிலிருந்து என்னோடு அளந்துதான் பேசுகிறார்.

முடிவு செய்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். திரை செத்தது, மூன்று முறை எழுதிக் கொடுத்தது, லேப்டாப், உறைந்த படம், அதற்கு முன்பே இரண்டு தடவை நான் பார்த்தது, எல்லாம். உன் பேர் மட்டும் வராது. எங்கேயோ படித்துப் பார்த்து நானே மாட்டினேன் என்று எழுதிவிட்டேன். எனக்கு பேட்டரி மாற்றவே தெரியாது என்பது உனக்குத்தான் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அழிக்கவில்லை.

நீ நிம்மதியாக இரு. ஏப்ரல் வரைக்கும் வாயைத் திறக்காதே.

அக்கா


மார்ச் 17

அக்கா,

கடிதம் கிடைத்தது. கூரியரில் பதில் அனுப்புகிறேன், இருபதாம் தேதிக்குள் வந்துவிடும்.

பெட்டியைக் கொண்டு போகும்போது சார்ஜரையும் எடுத்துக்கொள். பேட்டரி பதினைந்து நிமிடம்கூடத் தாங்காது. மூடியை முழுக்கத் திறக்காதே, கையோடு வந்துவிடும்.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனேன். வேறொன்றும் கேட்காதே.

தம்பி


மார்ச் 21

டேய்,

நீ செய்த காரியத்துக்கு உன்னை என்ன செய்வது என்று தெரியவில்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று பேர். நடுவில் ஒரு அம்மா, வெள்ளை முடி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேசுகிறவர். என் தாளைப் படித்தார்கள். பெட்டியை மேஜையில் வைத்தேன். கணினிக்காரர் ஒருவர் வந்து சார்ஜரை மாட்டி அதன் டைரியைப் பார்த்தார். மூன்று மணி ஆறு நிமிடத்தில் இணைப்பு அறுந்திருக்கிறது. மூன்று மணி இருபது வரைக்கும் அறுந்தேதான் இருந்திருக்கிறது. அதைச் சத்தமாகப் படித்தபோது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

நடுவில் இருந்த அம்மா கேட்டார், இதை இணைத்தது யார் என்று.

"நான்தான்."

எப்படி இணைத்தீர்கள், சொல்லுங்கள் என்றார். நான் குச்சி என்றேன், வைஃபை என்றேன், அப்புறம் வலது பக்கம் ஒரு பொத்தான் என்றேன். கணினிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா கோப்பிலிருந்து ஒரு உறையை எடுத்து என் பக்கம் தள்ளினார். பதிவுத் தபால். உன் கையெழுத்து. எனக்கு முன்னாலேயே நீ அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாய்.

ஆறு பக்கம். அம்புக்குறி எல்லாம் போட்டிருந்தாய். பத்து விநாடியையும் எழுதியிருந்தாய். உன் அடையாள அட்டையின் நகலைக்கூட வைத்திருந்தாய், படுபாவி.

"உங்க தாள்ல இந்த ஒரு வரிதான் பொய். அதையும் உங்க தம்பி திருத்திட்டார்" என்றார் அந்த அம்மா. திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பேனாவைக் கொடுத்தார். அந்த வரியை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். எழுத்து கோணலாகப் போனது.

மாலையே உத்தரவு கொடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் நான் அழைப்பு எடுக்கக் கூடாது, பதிவேட்டு அறையில் வேலை. மேற்பார்வையாளரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். முப்பது நாளைக்குள் ஆறு மேஜைக்கும் புதிய திரை. வெளி மெஷின் எதுவும் கட்டடத்துக்குள் வரக் கூடாது. உன்னைப் பற்றி உன் நிறுவனத்துக்கு எழுதுவார்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போகவில்லை என்ற நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. உன் நிறுவனத்துக்குக் கடிதம் எத்தனை நாளில் போகும் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

ஏன்டா இப்படிச் செய்தாய்?

அக்கா


மார்ச் 30

அக்கா,

ஏன் என்று கேட்டிருந்தாய். நீ உன் பங்கை எழுதிவிட்டு என் பங்கையும் உன் கணக்கில் எழுதிக்கொண்டாய். அதைப் படித்ததும் இங்கே என்னால் ஒரு பாஸ்வேர்டுகூட மாற்ற முடியவில்லை.  அவ்வளவுதான், பெரிய மனசெல்லாம் இல்லை. தபால் பெட்டியில் போட்ட மறு நிமிடம் அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கவுன்டரில் இருந்தவர் அங்கிருந்தே கத்தினார். அப்புறம்தான் அது பதிவுத் தபால் இல்லை, வெறும் தபால் என்று உறைத்தது. எடுத்துத் தரச் சொல்லி, பதிவுத் தபாலில் மறுபடி போட்டேன். அப்போதே வீட்டுக்குக் கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மேலாளர் கூப்பிட்டார். உங்கள் ஆபீஸ் கடிதம் அவர் கையில் இருந்தது. முழுக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் வராந்தாவில் எத்தனை ஓடு என்று எண்ணினேன், மறந்துவிட்டது. வேலையை விட்டு அனுப்பவில்லை. ப்ரொபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். சர்வர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது பிரிண்டருக்குத் தாள் போடுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் நான் வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள். பழகிவிடும் என்று நினைக்கிறேன், பழகவில்லை.

என் அறையில் அந்தப் பழைய மெஷின் இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. கழற்றத் தோன்றவில்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உத்தரவு யார் யாருக்குப் போகும் என்று அதிலிருந்து எண்ணிப் பார்த்தேன். உனக்கு, மேற்பார்வையாளருக்கு, என் ஆபீஸுக்கு. அந்த அம்மாவுக்கு யார் சொல்கிறார்கள்?

தம்பி


ஏப்ரல் 10

சின்னவனுக்கு,

நீ கேட்ட கேள்வியை ஆபீஸில் கேட்டேன். நோயாளியின் குடும்பத்துக்குத் தெரிவிக்க வழிமுறை இல்லை என்றார்கள். அவர்கள் மனு போட்டால் பார்க்கலாமாம். என்ன நடந்தது என்றே தெரியாதவர்கள் எதைக் கேட்டு மனு போடுவார்கள்?

ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். பதிவேட்டு அறையில் ஃபோன் கிடையாது. கோப்புகள் மட்டும்தான். அந்த அமைதி என்னைப் பிடித்து ஆட்டுகிறது. நேற்று மதிய இடைவேளையில் உத்தரவை ஒரு உறையில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கு எதிரில் போனேன்.

கடை திறந்திருந்தது. அந்த அம்மா தனியாக நின்றிருந்தார். உள்ளே, மெஷினுக்குப் பின்னால், நாற்காலியில் அவர் கணவர். சவரம் செய்து சுத்தமாக இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்து வாடிக்கையாளருக்குத் தலையசைப்பது மாதிரி தலையசைத்தார்.

தாளை நீட்டினேன். "ரெண்டு பக்கம். ஒரு காப்பி."

அந்த அம்மா வாங்கி மெஷினில் வைத்தார். என் குரலைக் கேட்டதும் கை ஒரு நொடி நின்றது, பிறகு பொத்தானை அழுத்தினார். நகலைக் கையில் எடுத்ததும் கண் அதில் விழுந்துவிட்டது. தெரு பெயரைப் பார்த்திருப்பார்.

"யாருக்கு இந்தக் காப்பி?"

"உங்களுக்குத்தான்."

நின்றபடியே படித்தார். நடுவில் ஒரு வக்கீல் குமாஸ்தா அவசரமாக வந்தார். அவருக்கு இருபது பக்கம் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இரண்டு பக்கத்தையும் படித்து முடித்ததும் கணவர் பக்கம் திரும்பி, அவருக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டினார். அவசரமே இல்லை. தெளிவாக, அன்றைக்கு எனக்கு முகவரி சொன்ன மாதிரியே. லேப்டாப் என்ற இடத்தில் கணவர் புருவத்தைத் தூக்கினார். என் பெயர் வந்த இடத்தில் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். வரவில்லை. முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. அங்கே பேச்சு வராமல் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

அந்த அம்மா தாளை மேஜையில் வைத்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"பதினோரு நிமிஷம்னு போட்டிருக்கு. பதினாலு. நான் முதல்ல அடிச்சப்ப மூணு நிமிஷம் யாருமே எடுக்கலை. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

எனக்குத் தெரியும், தம்பி. அந்த நேரத்தில் ஆறு மேஜையில் நான்கில்தான் ஆள் இருந்தோம். மாதக்கணக்கில் அப்படித்தான். எங்கள் கடிகாரம் நாங்கள் எடுத்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். எடுக்காத நேரம் எந்தப் படிவத்திலும் வராது. விசாரணையில் என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பயத்தால் இல்லை, அது என் நினைவுக்கே வரவில்லை. அவ்வளவு பழகிப்போயிருக்கிறது.

"நாலு பேர்தான் இருந்தோம். ஆறு பேர் இருக்கணும்" என்றேன்.

"அதை யாரு எழுதுவாங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.  அவர் மெஷினின் அடித்தட்டை இழுத்து, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். ஸ்டூலைத் தள்ளினார். கணவரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

"எனக்கு மனு எழுதத் தெரியாது. நீங்க எழுதுங்க, நான் சொல்றேன்."

உட்கார்ந்தேன். அவர் சொன்னார். எத்தனை மணி, எத்தனை தடவை அடித்தார், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் காத்திருந்தார். ஃபோனில் இருந்த நேரப் பட்டியலைத் திறந்து காட்டினார். நான் எழுதினேன். நான்கு பேர்தான் இருந்தோம் என்பதை நானாகச் சேர்த்தேன். இடைவேளை முடிந்து அரை மணி நேரமாகிவிட்டது தெரிந்தும் எழுந்து போகத் தோன்றவில்லை. இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். அவர் கணவர் இடது கையால் ஒரு கோடு இழுத்தார். பிறகு அந்த அம்மா தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தை எனக்குக் காட்டி, "சாட்சி" என்றார். ஆபீஸை எதிர்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பதிவேட்டு அறையும் போய்விடும், அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டுவிட்டேன்.

அவர் அதை வாங்கி மெஷினில் வைத்து மூன்று நகல் எடுத்தார்.

அக்கா